எங்கள் வீட்டுக்கு வராத ஓர்கனுக்கு நாம் ஏன் ஏங்குகிறோம்? ஒப்டிகனும் அதன் மறுபிறவிகளும்

தேயிலைத்தூள் (அட்டன்)

மூன்று நாளாக விடாத மழை. மகள் கைகழுவிய பழைய ஐபேட் ஒன்றில் ஐஒப்டிகன் என்று ஒரு செயலி கிடந்தது. சும்மா தட்டினேன். பூஞ்சணம் பிடித்த ரெக்கோட்டைப் போட்ட மாதிரி ஒரு சத்தம். கரகரப்பு, மெல்லிய தள்ளாட்டம், பக்கத்து அறையில் யாரோ பேண்ட் வாசிக்கிற மாதிரி ஒரு தூரம். இரவு ஒரு மணி வரைக்கும் கீழே வைக்க மனம் வரவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்டிகன் என்பது 1971இல் அமெரிக்காவில் மட்டெல் கம்பனி விற்ற வீட்டு ஓர்கன். பார்பி பொம்மை செய்கிற அதே மட்டெல்தான். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: ஒப்டிகல் ஓர்கன். உள்ளே ஒரு ரெக்கோட் அளவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தட்டு சுற்றும். அதில் ஒன்றுக்குள் ஒன்றாக 57 வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சத்தம் கறுப்பு வெள்ளை அலையாகப் பதிந்திருக்கும். ஒரு பக்கம் பல்ப், மறுபக்கம் ஒளியை உணரும் செல்கள். அலையின் அகலத்துக்கு ஏற்ப ஒளி கூடிக் குறையும், அதுவே ஸ்பீக்கரில் சத்தம். வலது கைக்கு 37 கட்டைகள். இடது கைக்கு 21 கோட் (சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற chord) பட்டன்கள். பட்டனை அமர்த்தினால் நிஜ ஆட்கள் ஸ்டூடியோவில் வாசித்த டிரம்ஸும் கிட்டாரும் அந்தக் கோட்டில் சுற்றிச் சுற்றி வரும். பொசனோவா என்ற பிரேசில் தாளம் வேண்டுமா, ஒரு தட்டு. நாட்டுப்புறப் பாட்டு வேண்டுமா, தட்டை மாற்று.

சில வருடங்களிலேயே மட்டெல் அதைக் கைமாற்றி விட்டது. 70களின் நடுவோடு கதை முடிந்தது. இப்போது அதை மறுபடி உயிர்ப்பிக்கிறார்கள். செயலி ஒரு வழி. இன்னொன்று பேனொப்டிகன் என்று கலிபோர்னியாவில் கையால் செய்கிற புதுக் கருவி. பழைய தட்டுகளையே போட்டு வாசிக்கலாம், வேகத்தை மாற்றலாம், பின்பக்கமாகவும் சுற்றவைக்கலாம். புதிதாகத் தட்டுகளும் அச்சிடுகிறார்கள்.

என் கேள்வி இதுதான். மலையகத்தில் யார் வீட்டிலும் இந்தப் பெட்டி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பிறகு ஏன் அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு ஏதோ ஞாபகம் வருகிற மாதிரி இருந்தது?

கீபோர்ட்காரன் (நாவலப்பிட்டி)

அண்ணே, மழை நாளில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஒரு கோப்பை பிளேன்டீ குடித்தால் சரியாகிவிடும்.

பகிடி இருக்கட்டும். நான் பதினெட்டு வருடமாகக் கல்யாண வீடு, தேர், சேர்ச் என்று வாசிக்கிறேன். நீங்கள் சொல்கிற இந்த 'இடது கையில் பட்டன், பின்னால் பேண்ட்' வேலையை என் யமஹா பீஎஸ்ஆர் எப்போதோ செய்கிறது. அதுவும் சுருதியைத் தொடாமல் வேகத்தை மாற்றும். ஒப்டிகனில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும், இல்லையா? மணப்பெண் மேடைக்கு வரும்போது தாளத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் பாட்டுக்காரன் அரைக்கட்டை இறங்கிப் பாட வேண்டி வரும். எனக்குச் சம்பளம் கிடைக்காது.

தேயிலைத்தூள் (அட்டன்)

உண்மைதான் தம்பி, வேகமும் சுருதியும் ஒரே கயிற்றில் கட்டியவை. அதை மறைக்கவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். உங்கள் பீஎஸ்ஆரின் ஸ்டைல் பட்டனுக்கு மூத்த அண்ணன் இந்தப் பெட்டி. உங்களுடையதில் டிரம்ஸ் ஒவ்வொரு அடியாகச் சிப்பில் அடுக்கப்பட்டது. இதில் ஆட்கள் சேர்ந்து வாசித்ததை அப்படியே வளையமாக்கினார்கள். ஒருவன் கொஞ்சம் முந்துவான், ஒருவன் பிந்துவான். அது தட்டில் நிலைத்துவிட்டது.

மூடுபனி (நானுஓயா)

மெலொட்ரோன் என்று ஒன்று சொல்வார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

தேயிலைத்தூள் (அட்டன்)

தூரத்துச் சொந்தம். மெலொட்ரோனில் கட்டைக்கு ஒரு துண்டு டேப். அமர்த்தினால் டேப் ஓடும், எட்டு வினாடியில் முடிந்துவிடும், கையை எடுத்தால் முதலுக்குத் திரும்பும். ஆகவே சத்தத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஒப்டிகனில் தட்டு எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் கட்டையைத் தொடும்போது சத்தம் ஏற்கெனவே நடுவழியில் போய்க்கொண்டிருக்கிறது. ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி. பியானோவுக்கு அந்த முதல் 'டங்' கிடையாது. எவ்வளவு நேரம் பிடித்தாலும் நிற்காது.

இதே ஒளித்தட்டை வைத்து வாகோ ஓர்கெஸ்ட்ரோன் என்று மேடைக் கலைஞர்களுக்கு ஒன்று செய்தார்கள். ஜெர்மன்காரர்கள் கிராஃப்ட்வேர்க் 1975இல் அதை வாங்கிக்கொண்டு போய் அதன் கோரஸ் குரலைத் தங்கள் இசைத்தட்டுகளில் பயன்படுத்தினார்கள். மனிதர் பாடுவது போலவும் இருக்கும், மனிதர் இல்லாதது போலவும் இருக்கும்.

பழைய ஒப்பரேட்டர் (பண்டாரவளை)

தம்பி தேயிலைத்தூளுக்கு, உங்கள் ஞாபகம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன்.

நான் 1974 முதல் தியேட்டரில் படம் ஓட்டியவன். ஊர் ஊராக மூன்று தியேட்டர். கடைசித் தியேட்டர் இப்போது சாமான் களஞ்சியம். 35 மில்லிமீட்டர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படத்துக்கும் ஓரத்துத் துளைகளுக்கும் நடுவில் நெளிந்து நெளிந்து ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அதுதான் பாட்டு, வசனம், சண்டைச் சத்தம் எல்லாம். புரொஜெக்டரின் கீழே சவுண்ட் ஹெட் என்று ஒரு பகுதி. அதில் எக்சைட்டர் லாம்ப் என்ற சின்ன பல்ப். அந்த வெளிச்சம் ஒரு கீற்றாகக் கோட்டின் மேல் விழும். பின்னால் போட்டோ செல். நீங்கள் சொன்ன ஒப்டிகனுக்கு உள்ளே இருப்பது இதே சாமான்தான். பிலிமை வட்டமாக வெட்டித் தட்டாக்கி இருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

71இல் அந்தப் பெட்டி இங்கே வந்திருக்க வழியே இல்லை. வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் உள்ளே வராத காலம். 73, 74இல் தோட்டங்களில் மரவள்ளிக்குக்கூட வழியில்லாமல் சனம் பட்டினி கிடந்தது. பாணுக்கு வரிசை. நான் தியேட்டரில் சேர்ந்ததே ஒரு வேளைச் சாப்பாடு தருவார்கள் என்றுதான். ஆனால் சம்பள நாளில் தோட்டத்தில் இருந்து நடந்து வந்து கலரி டிக்கெட் எடுத்தவர்கள் கேட்டது முழுக்க ஒளியில் இருந்து வந்த சத்தம். கரகரப்பு, தள்ளாட்டம் என்று எழுதி இருக்கிறீர்கள். அதுதான் அது. பத்தாம் தடவை ஓடுகிற பழைய கொப்பியின் சத்தம்.

தேயிலைத்தூள் (அட்டன்)

ஐயா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என் அப்பா என்னைத் தோளில் வைத்துக் கூட்டிப்போன தியேட்டர் ஞாபகம் வந்தது. படம் ஞாபகமில்லை. அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறது.

கீபோர்ட்காரன் (நாவலப்பிட்டி)

சரி ஐயா, தலை வணங்குகிறேன். அப்படியானால் பழைய பிலிம் சத்தம் கேட்க ஆசைப்படுகிறவர்கள் பழைய படம் பார்க்கலாமே? அதற்கு எதற்கு அமெரிக்காவில் இருந்து பெட்டி? டொலர் என்ன விலை, அனுப்புகிற கூலி என்ன, சுங்கத்தில் என்ன கேட்பார்கள்? அந்தக் காசுக்கு எங்கள் பேண்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் வாங்கலாம்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். அந்த ஒப்டிகன் தட்டுகளுக்காக அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் பதிந்த மூல டேப்புகளே கிடைத்துவிட்டனவாமே? சுத்தமான மூலம் கையில் இருக்கும்போது கரகரத் தட்டை எதற்குக் கட்டிப்பிடிக்க வேண்டும்?

தேயிலைத்தூள் (அட்டன்)

கிடைத்தது உண்மை. ஒப்டிகனலி யுவர்ஸ் என்ற அமெரிக்க இரட்டையர் 90களில் இருந்து இந்தப் பெட்டியை வைத்தே பாட்டுப் போடுகிறார்கள். 2018இல் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டில் அந்த மூலப் பதிவுகளைத்தான் பயன்படுத்தினார்கள். பளிச்சென்று இருக்கிறது. கேட்டால் 'அட, நல்ல வாசிப்பு' என்று தோன்றும். ஆனால் அது ஒப்டிகன் இல்லை, ஒப்டிகனுக்குள் அடைபட்டிருந்த ஆட்கள். இரண்டும் எனக்குப் பிடிக்கும், இரண்டும் ஒன்று என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஈயப்பற்று (தலவாக்கலை)

வணக்கம். இங்கே வாசிக்க மட்டும் வருவேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படிக்கிறேன்.

கீபோர்ட்காரன் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பெட்டியை வாங்க வேண்டாம், தட்டைச் செய்யலாம் என்பதுதான் என் பதில். மட்டெலுக்கு முன்னாலும் இதைச் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில் வெல்டெ என்பவர் 1930களில் கண்ணாடித் தட்டுகளில் தேவாலய ஓர்கன்களின் சத்தத்தைப் பதிந்து வாசித்துக் காட்டினார். ரஷ்யாவில் முர்சின் என்ற பொறியாளர் 50களின் பிற்பகுதியில் ஏஎன்எஸ் என்று ஒரு கருவி முடித்தார். ஐந்து கண்ணாடித் தட்டு, தட்டுக்கு 144 தடம், மொத்தம் 720 தனிச் சுரங்கள். கறுப்புப் பசை பூசிய கண்ணாடியில் சுரண்டி வரைந்தால் வரைந்தது பாடும். அவர் யாரையும் பதியவே இல்லை, அலையை வரைந்தார். அதுதான் எனக்குப் பிடித்தது.

எங்கள் வீட்டில் மாமாவின் பழைய ரெக்கோட் பிளேயர் இருக்கிறது. ஊசி இல்லை, ஆனால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சரியாகச் சுற்றும். நேற்று இரவு கணக்குப் போட்டேன். 240 ஹெர்ட்ஸில் சட்ஜம் வேண்டும் என்றால் ஒரு வளையத்தில் எத்தனை அலை வரைய வேண்டும்? சரியாக 432. மிச்சமே வரவில்லை! வளையத்தில் அலை முழு எண்ணாக வராவிட்டால் தொடங்கிய இடமும் முடிகிற இடமும் பொருந்தாது, ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று கேட்கும்.

அப்புறம் மோகனம் போடலாம் என்று பார்த்தேன். 432, 486, 540, 648, 720, 864. எல்லாம் முழு எண்.

சுருதிப்பெட்டி (பதுளை)

அம்மா ஈயப்பற்று, அந்த எண்களை 18ஆல் வகுத்துப் பார்த்தீர்களா? 24, 27, 30, 36, 40, 48. ரிஷபம் 9க்கு 8, காந்தாரம் 5க்கு 4, பஞ்சமம் 3க்கு 2, தைவதம் 5க்கு 3. தம்புராவோடு சேர்ந்து பாடும்போது நம் குரல் தானாகப் போய் நிற்கிற இடங்கள். முப்பது வருடம் பாட்டு டீச்சராக இருந்து பிள்ளைகளுக்கு இதை வாயால் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு தட்டில் கோடாகப் பார்க்கலாம் என்று நினைத்ததே இல்லை. செய்யுங்கள், செய்துவிட்டு இங்கே போடுங்கள்.

ஆனால் ஒரு குறை முன்கூட்டியே சொல்கிறேன். கமகம் வராது. வளையம் ஒரே இடத்தில் நிற்கும், காந்தாரத்தை அசைக்க முடியாது. ஒத்து ஊதலாம், அதாவது ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கலாம், ராகம் பாட முடியாது.

ஈயப்பற்று (தலவாக்கலை)

தெரியும் டீச்சர். ஒத்து வந்தாலே எனக்குப் போதும்.

*(பத்து நாள் கழித்து)*

செய்தேன். சத்தம் வந்தது. ஆனால் எந்த வரிசையில் எல்லாம் கெட்டது என்பதையும் எழுதுகிறேன், யாராவது செய்தால் உதவும்.

அலைகளைக் கணினியில் வரைந்து, ஓவர்ஹெட் புரொஜெக்டருக்குப் போடுவார்களே அந்த ஒளிபுகும் தாளில் லேசர் பிரிண்டரில் அடித்தேன். முதலில் எடுத்த கடையில் கறுப்பு கறுப்பாகவே விழவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் சாம்பல். ஒளி கசிந்தால் சத்தம் மெலியும். வேறு கடையில், டோனர் புதிதாக மாற்றியிருந்த மெஷினில் அடித்தேன். தாள் வளைந்து ஆடியதால் படச்சட்டக் கடையில் வட்டமாக வெட்டிய பெர்ஸ்பெக்ஸில் ஒட்டினேன்.

பிளேயரின் தட்டில் ஒளி போகாது. ஆகவே நடுவில் ஒரு பால்மா டின்னைக் குப்புற வைத்து, அதன் மேல் என் தட்டு. தட்டுக்குக் கீழே பக்கவாட்டில் இருந்து எல்இடி, மேலே போட்டோ டயோட். டயோட்டுக்கு முன்னால் இரண்டு சவர அலகைக் கால் மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டினேன். அதுதான் கீற்று. ஆறு வளையம், ஆறு டயோட், ஆறு கோலிங்பெல் பட்டன். அம்மா 'இது என்ன, வீட்டுக்கு ஆறு வாசலா?' என்று கேட்டார்.

முதல் தடவை போட்டதும் பெரிய உறுமல். தட்டு சுற்றாதபோதும் உறுமல். ஒரு மணி நேரம் வயர்களைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தேன். கடைசியில் கரண்ட் போனது, உறுமலும் போனது. என் அம்ப்ளிபயர் பட்டரியில் ஓடுகிறது! அறையின் டியூப் லைட்தான் காரணம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது, டயோட் அதைப் பாட்டாக வாசித்திருக்கிறது. அதன்பிறகு இருட்டில்தான் வேலை.

பழைய ஒப்பரேட்டர் (பண்டாரவளை)

மகளே, இதனால்தான் எக்சைட்டர் லாம்புக்கு எப்போதும் டீசி கரண்ட் கொடுப்போம். ஒருமுறை ரெக்டிபயர் கெட்டுப்போய், ஏசி கரண்ட்டிலேயே பல்பை எரியவிட்டு ஒரு படத்தை ஓட்டினேன். படம் முழுக்கப் பின்னணியில் வண்டு. கதாநாயகி அழுகிற இடத்திலும் வண்டு. கலரியில் இருந்து போத்தல் வந்தது.

ஈயப்பற்று (தலவாக்கலை)

ஐயா 😄 நல்லவேளை, எனக்குக் கலரி இல்லை.

இரண்டாவது தப்பு நானே செய்தது. 432 அலையுள்ள சட்ஜத்தை வெளி வளையத்திலும் 864 உள்ள மேல் சட்ஜத்தை உள் வளையத்திலும் வைத்தேன். கணக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். உள் வளையம் 5 சென்டிமீட்டர் ஆரம், சுற்றளவு 31 சென்டிமீட்டர். அதில் 864 அலையை நெருக்கினால் ஒன்று 0.36 மில்லிமீட்டர். என் கீற்று கால் மில்லிமீட்டர். ஒரு அலையின் மேடும் பள்ளமும் ஒரேயடியாகக் கீற்றுக்குள் விழுகிறது, சத்தம் மங்கிப் போகிறது. அப்புறம் தலைகீழாக மாற்றினேன், மேல் சுரம் வெளியே, கீழ்ச் சுரம் உள்ளே. இப்போது ஆறு வளையத்திலும் அலை ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். எல்லாம் ஒரே பலத்தில் கேட்கிறது.

மூன்றாவது, நடுத்துளை. அரை மில்லிமீட்டர் விலகிவிட்டது. 1.8 வினாடிக்கு ஒரு தடவை சுருதி ஏறி இறங்கும், உள் வளையத்தில் கூடுதலாக. தேயிலைத்தூள் அண்ணன் சொன்ன தள்ளாட்டம் அதுதான் என்று நினைக்கிறேன். சரிசெய்ய நினைத்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

ஒலிப்பதிவு இணைத்திருக்கிறேன். நாற்பது வினாடி. பின்னால் மழைச் சத்தம், அதைத் தட்டின் குறையாக எண்ண வேண்டாம்.

தேயிலைத்தூள் (அட்டன்)

ஆறு தடவை கேட்டுவிட்டேன். சட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து நிற்கிற இடத்தில் குழல் மாதிரி ஒரு மென்மை. அப்புறம் அந்த 'டிக்', சுற்றுக்கு ஒரு தரம் வருகிறதே?

ஈயப்பற்று (தலவாக்கலை)

அது கீறல் அண்ணே. தட்டைத் துடைக்கும்போது என் மோதிரம் பட்டது.

கீபோர்ட்காரன் (நாவலப்பிட்டி)

நல்ல வேலை தங்கச்சி, பொய் சொல்லக்கூடாது. ஆனால் காந்தாரம் கொஞ்சம் இறங்கி இருக்கிறது. என் கீபோர்ட்டோடு சேர்த்து வாசித்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. தைவதமும் அப்படியே.

சுருதிப்பெட்டி (பதுளை)

தம்பி, இறங்கி இருப்பது அந்தக் காந்தாரம் அல்ல, ஏறி இருப்பது உங்கள் கீபோர்ட். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம துண்டாக வெட்டினால் காந்தாரம் 100க்கு 126 என்று வரும். நம் காது கேட்பது 125. சின்ன வித்தியாசம்தான், ஆனால் சட்ஜத்தோடு சேர்த்துப் பிடித்தால் உங்களுடையது அலையடிக்கும், பிள்ளையுடையது அசையாமல் நிற்கும். இரவு அமைதியாக இருக்கும்போது இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

கீபோர்ட்காரன் (நாவலப்பிட்டி)

கேட்டேன் டீச்சர்.

சரி. இதற்கு மேல் காந்தாரத்தைப் பற்றி நான் பேசவில்லை.

ஆனால் என் கேள்வி இன்னும் நிற்கிறது. ஒத்து ஊத நாதஸ்வரக்காரர் வீட்டிலேயே சுருதிப்பெட்டி இருக்கிறது. ஒப்டிகனின் உயிரே இடது கை. தாளம் எங்கே? பொசனோவா இருக்கிற தட்டு எனக்கு வேண்டாம். நம் தப்பு மேளம் இருக்கிற தட்டு செய்ய முடியுமா?

ஈயப்பற்று (தலவாக்கலை)

அண்ணே, நான் கேட்க நினைத்ததை நீங்களே கேட்டுவிட்டீர்கள். ஒரு சுற்று 1.8 வினாடி. அதில் நான்கு அடி போட்டால் நிமிடத்துக்கு 133 அடி. மூன்று போட்டால் சரியாக 100. தப்பை யாராவது பதிந்து தந்தால் அலையாக மாற்றி வளையத்தில் அடித்துவிடலாம்.

கீபோர்ட்காரன் (நாவலப்பிட்டி)

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் காமன் கூத்துக்கு அடிக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு போனேன். பனிக்குத் தோல் தளர்ந்து 'பொத் பொத்' என்றது. தேயிலை மிலாறைக் கொளுத்தி, தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்தார். பத்து நிமிடத்தில் சத்தம் கண்ணாடி மாதிரி ஆனது. போனில்தான் பதிந்தேன். நான்கு அடி, மூன்று அடி, இரண்டும் இருக்கிறது. மூன்றடியில் அவர் இரண்டாவது அடியைக் கொஞ்சம் பிந்தித்தான் விடுகிறார், அதைத் திருத்திவிடாதே தங்கச்சி.

*(ஐந்து நாள் கழித்து)*

ஈயப்பற்று (தலவாக்கலை)

தப்புத் தட்டு அடித்தேன். தாளம் வருகிறது, பிந்துகிற அடியும் பிந்தியே வருகிறது. ஆனால் மெத்தையை அடிக்கிற சத்தம். அந்தக் கண்ணாடிச் சத்தம் முழுக்கக் காணாமல் போய்விட்டது. கீபோர்ட்காரன் அண்ணனுக்குப் பதிவை அனுப்பவே கூச்சமாக இருந்தது.

காரணம் தெரியும். வெளி வளையம் வினாடிக்கு 31 சென்டிமீட்டர் ஓடுகிறது. கால் மில்லிமீட்டர் கீற்றில் 1,250 ஹெர்ட்ஸுக்கு வரும்போதே எல்லாம் அடைபட்டுவிடும். தப்பின் கூர்மை அதற்கு மேலேதான் இருக்கிறது. அலகுகளை இன்னும் நெருக்கினால் ஒளி போதாமல் இரைச்சல் ஏறுகிறது. இரண்டு நாளாக இதில் நிற்கிறேன்.

பழைய ஒப்பரேட்டர் (பண்டாரவளை)

மகளே, அலகை நெருக்காதே. உன் வழி பிழை.

பிலிம் வினாடிக்கு 45 சென்டிமீட்டர் ஓடும், உன் தட்டைவிட ஒன்றரை மடங்குதான். ஆனாலும் வசனத்தில் 'ஸ'வும் 'ஷ'வும் பிரிந்து கேட்கும். எப்படி? சவுண்ட் ஹெட்டில் பெரிய கீற்றைத்தான் வெட்டி வைத்திருப்பான். அதற்கு முன்னால் ஒரு லென்ஸ் குழாய். அது கீற்றின் பிம்பத்தைச் சுருக்கிப் பிலிம் மேல் தலைமுடியில் பாதிகூட வராத கோடாக விழவைக்கும். வெளிச்சமும் அந்தக் கோட்டிலேயே குவியும், ஆகவே சத்தம் குறையாது. ஒப்பரேட்டருடைய பாதி வேலை அந்தக் குழாயைத் திருகிக் கோட்டைக் கூராக்குவதுதான். பாட்டு மங்கலாகக் கேட்டால் நாங்கள் முதலில் தொடுவது அதைத்தான்.

கீறலுக்கும் ஒரு வழி சொல்கிறேன். பிலிம் அறுந்து ஒட்டினால் ஒட்டிய இடம் 'டப்' என்று வெடிக்கும். அந்த இடத்தில் கறுப்பு மையால் சரிவாக ஒரு முக்கோணம் தீட்டுவோம். சத்தம் மெதுவாக இறங்கி மெதுவாக ஏறும், யாருக்கும் தெரியாது. உன் மோதிரக் கீறலிலும் தீட்டிப் பார். நுனி மெல்லிய தூரிகை வேண்டும், மார்க்கர் வேண்டாம்.

மூடுபனி (நானுஓயா)

ஐயா, இந்த லென்ஸ் குழாய் இப்போது எங்கே கிடைக்கும்?

பழைய ஒப்பரேட்டர் (பண்டாரவளை)

தியேட்டரை மூடியபோது எடைக்குப் போட்டார்கள். புரொஜெக்டர் இரண்டையும் பழைய இரும்புக்காரன் லொறியில் ஏற்றினான். சம்பள பாக்கி தருவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை. லொறி கிளம்புவதற்கு முன்னால் நான் ஒரு சவுண்ட் ஹெட்டின் லென்ஸ் குழாயைக் கழற்றி உள்ளங்கியில் வைத்துக்கொண்டேன். அலுமாரியில் துணி சுற்றி இருக்கிறது. நேற்றுப் பார்த்தேன், முன் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம். இந்தக் குளிருக்கு அது பிடிக்கத்தான் செய்யும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். உள்பக்கம் சுத்தமாக இருக்கிறது.

சனிக்கிழமை பஸ்ஸில் நுவரெலியா வழியாகத் தலவாக்கலைக்கு வருகிறேன். அம்மாவிடம் சொல்லி வை. டியூப் லைட்டை அணைத்துவிடு, டோர்ச் நான் கொண்டு வருகிறேன்.

கீபோர்ட்காரன் (நாவலப்பிட்டி)

ஐயா, சனிக்கிழமை எனக்கு மாலையில்தான் கல்யாணம். காலையில் நானும் வருகிறேன். பெரியவர் கேட்கச் சொன்னார்: தப்பையும் கொண்டு வர வேண்டுமா என்று.

ஈயப்பற்று (தலவாக்கலை)

கொண்டு வரச் சொல்லுங்கள் அண்ணே. மிலாறு எங்கள் வீட்டில் இருக்கிறது.